மலையகப் பள்ளிகளில் மூன்று வாரம்: பி.எட். மாணவிகளை அழைத்துப் போகும் முன்

கேள்வி இது: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பி.எட். கல்லூரி. இரண்டாமாண்டு மாணவிகள் 12 பேரை இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பள்ளிகளுக்கு மூன்று வாரம் சேவைவழிக் கற்றலுக்காக அழைத்துப் போக விரும்புகிறார்கள். "மொழிச் சிக்கல் கிடையாது, மற்ற நாடுகளைவிடச் செலவும் குறைவு. எப்படித் திட்டமிடுவது, எங்கே சறுக்கும்?" என்று கேட்டிருக்கிறார் அந்தக் கல்லூரியின் பேராசிரியர்.

போகலாம், நல்ல யோசனைதான். ஆனால் "மொழிச் சிக்கல் கிடையாது" என்ற நம்பிக்கையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சிங்களமோ பிரெஞ்சோ பேசுகிற பள்ளிக்குப் போகிற மாணவி, தனக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்போடு போவாள். வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைப்பாள். தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவளுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. இறங்கிய முதல் நாளே "இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே" என்று சாக்பீஸைக் கையில் எடுத்துவிடுவாள். இந்தப் பயணம் கெட்டுப்போனால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கெடும். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி, அவளை முதல் மூன்று நாள் சாக்பீஸைத் தொடவிடாமல் வைத்திருப்பதற்கானவை.

முதலில் எதைச் சேவைவழிக் கற்றல் என்கிறோம் என்று பார்த்துவிடலாம். சர்வீஸ் லேர்னிங் என்ற பெயரை 1967 வாக்கில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும். இதில் மூன்று கால்கள் உண்டு. செய்யும் வேலை, அந்தப் பள்ளி தானாகக் கேட்ட வேலையாக இருக்க வேண்டும். அந்த வேலை பாடத்திட்டத்தில் ஏதோ ஒரு தாளோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். செய்ததைப் பற்றி ஒழுங்காக, தினமும் யோசிக்க வைக்க வேண்டும். முதல் கால் இல்லாவிட்டால் அது கல்விச் சுற்றுலா. இரண்டாவது இல்லாவிட்டால் என்.எஸ்.எஸ். முகாம். மூன்றாவது இல்லாவிட்டால் வெளிநாட்டு முத்திரை குத்திய டீச்சிங் பிராக்டிஸ். நம் கல்லூரிகள் அதிகம் தவறவிடுவது முதல் காலை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுக் கடிதம் போகாது. "இவற்றைச் செய்யப்போகிறோம்" என்றுதான் போகும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளூரில் ஏதாவது ஒரு பள்ளியோடு உங்கள் கல்லூரிக்கு ஓராண்டாவது தொடர்ச்சியான உறவு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த ஆண்டு கடல் தாண்ட வேண்டாம் என்பதே என் கருத்து. முக்கூடல், கடையம் பக்கம் பீடி சுற்றும் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்குக் கூலி, சாயங்காலம் அம்மாவுக்குக் கைவேலையில் உதவும் பிள்ளை, வேலை நாளைப் பொறுத்து ஏறி இறங்கும் வருகைப் பதிவு. தோட்டப் பள்ளியில் பார்க்கப்போகும் பல விஷயங்களின் உறவுக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதை அங்கே நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் கூடவே இருந்து பார்த்தால் பல நிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் சமாளிப்பது கைக்கு வந்துவிடும். மலையகத்தில் அதிகம் உதவப்போவது இந்தப் பயிற்சிதான். மைக்ரோ டீச்சிங்கில் பழகிய ஐந்து நிமிட அறிமுகத் திறனுக்கு அங்கே வேலை குறைவு.

யாரோடு சேர்வது? நேரே ஒரு பள்ளி அதிபரிடம் பேசி (அங்கே தலைமையாசிரியரை அதிபர் என்பார்கள்) முடித்துக்கொள்வது எளிது. ஆனால் அவர் இடம் மாறினால் எல்லாம் கலைந்துவிடும். நுவரெலியா மாவட்டத்தில் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தோட்டப்புறப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் நோக்கத்தோடு எழுந்தது. அங்கே மூன்றாண்டுப் படிப்பு. இரண்டாண்டு தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு முழுதும் பள்ளியில் பயிற்சி. அப்படிப் பள்ளியில் இருக்கும் பயிற்சி ஆசிரியர் ஒருவரோடு உங்கள் மாணவி ஒருத்தியைச் சோடி சேர்த்துவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது. இருவரும் ஒரே வயது, ஒரே நிலை. "இந்தியாவிலிருந்து சொல்லிக்கொடுக்க வந்தவள்" என்ற தோரணைக்கு இடமிருக்காது. அப்படி அமையாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம் வழியாகப் போங்கள். ஹட்டன், நுவரெலியா, கொத்மலை என்று வலயங்கள் உண்டு. எந்தப் பள்ளி என்பதை அவர்கள் சொல்லட்டும். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பள்ளிகளுக்கு வருகையாளர்கள் ஏற்கெனவே வந்து குவிந்திருப்பார்கள். தரம் 5 வரையோ 8 வரையோ (வகுப்பை அங்கே தரம் என்பார்கள்) மட்டும் உள்ள மூன்றாம் வகைச் சிறு பள்ளியாகக் கேளுங்கள். ஒரு பள்ளிக்கு 4 மாணவிகளுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேரும் ஒரே பள்ளியில் இறங்கினால் மூன்று வாரமும் அங்கே திருவிழாதான், படிப்பு நடக்காது.

அனுமதி இரண்டு பக்கமும் வேண்டும், இதற்கு ஐந்தாறு மாதம் ஒதுக்குங்கள். இந்தப் பக்கம் கல்லூரி நிர்வாகம், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். உதவிபெறும் கல்லூரி என்றால் உடன் போகும் பேராசிரியருக்குத் துறையின் தடையின்மைச் சான்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிகளில் இரண்டாண்டு பி.எட். படிப்புக்குப் பள்ளிப் பயிற்சி 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. வெளிநாட்டில் இருக்கும் மூன்று வாரத்தை இந்தப் பதினாறில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களாகவே முடிவெடுத்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் கழித்தால் வருகைக் கணக்கில் குறைந்து, கடைசியில் மாணவி தேர்வெழுதுவதே கேள்விக்குறியாகும். விடுமுறையில் வைத்து, சமூக ஈடுபாட்டுப் பணியாகக் கணக்கு வைப்பது பத்திரம். அந்தப் பக்கம் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கடிதம், வலயத்தின் கடிதம், அதிபரின் ஒப்புதல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பள்ளி வாசலில் நிற்கும்போது செல்லுபடியாவது கடிதம்தான், வாட்ஸ்அப்பில் வந்த "வாங்க வாங்க" அல்ல.

விசாவில் கவனம் தேவை. இலங்கைக்கு இணையவழிப் பயண அனுமதி எளிதாகக் கிடைக்கிறது என்பதால் எல்லாரும் சுற்றுலா என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சுற்றுலா அனுமதி சுற்றிப்பார்க்கத்தான். பள்ளியில் வகுப்பறைக்குள் வேலை செய்வது, சம்பளம் இல்லாவிட்டாலும், அதில் அடங்காது என்று ஒரு அதிகாரி சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. வரவேற்கும் கல்லூரியே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எந்த வகை அனுமதி என்று எழுத்தில் கேட்டு வாங்கி அனுப்பட்டும். கட்டணமும் விதியும் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன, போன வருடம் போனவர் சொன்னதை நம்பவேண்டாம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி இரட்டைக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்களும் உலவுகின்றன.

பாஸ்போர்ட் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். முத்துலட்சுமி", ஆதாரில் "முத்துலட்சுமி சுடலைமுத்து", பான் அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். விரித்த பெயர் எப்படி வருகிறதோ அப்படியே விமானச்சீட்டிலும் விசாவிலும் அழைப்புக் கடிதத்திலும் இருக்க வேண்டும். குழுவுக்கு மொத்தமாகச் சீட்டுப் போடும்போது கல்லூரி வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைத் தட்டச்சு செய்து மாட்டிக்கொள்வது வழக்கம். பாஸ்போர்ட்டின் ஒளிநகலைப் பார்த்தே தட்டச்சு செய்யுங்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. விடுதி முகவரியைக் கொடுத்துவிட்டு ஊரில் இருக்கும் மாணவிக்குப் போலீஸ் விசாரணை தவறிப்போகும். விசாரணைக்கு வரும் முகவரியில் அவள் இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அறக்கட்டளை நடத்தும் கல்லூரி தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைப்பதில் சிக்கல் வரும். முன் அனுமதி இல்லாமல் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து அந்தப் பள்ளிக்கு நன்கொடை அனுப்பிவிடாதீர்கள். இரண்டாவது, ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அதை யார் பெயரில் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். மாணவியின் அப்பா பெயரில் பிடித்தால் அவர் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். நாங்குநேரியில் வாழை போடுகிறவருக்கு அது பெரிய தொல்லை. செலவை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு கல்லூரி, ஒரு பங்கு முன்னாள் மாணவர் சங்கம், ஒரு பங்கு மாணவி என்று வைத்தால்தான் வசதி உள்ளவர்கள் மட்டும் போகும் பயணமாக இது முடியாது. தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து ஆளெடுக்காதீர்கள். உள்ளூர்ப் பள்ளியில் அந்த நான்கு வாரம் யார் பொறுமையாக இருந்தார்கள் என்று பார்த்து எடுங்கள்.

காலம் எப்போது? இலங்கைப் பள்ளி ஆண்டு வழக்கமாக சனவரியில் தொடங்கி மூன்று தவணை (நம் ஊர்ப் பருவம்). கொரோனாவுக்குப் பிறகு நாட்காட்டி தள்ளாடிக்கொண்டிருக்கிறது, அதனால் முதல் கடிதத்திலேயே அந்த ஆண்டின் தவணைத் தேதிகளைக் கேளுங்கள். ஏப்ரல் நடுவில் புத்தாண்டு விடுமுறை. மே இறுதியிலிருந்து தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கம் அடித்து ஊற்றும். அக்டோபருக்குப் பின் டிசம்பர் வரை மண்சரிவு அபாயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக எச்சரிக்கை விடுக்கும், அதைத் தினமும் பார்க்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். உங்கள் கோடை விடுமுறையும் அவர்களுடைய இரண்டாம் தவணைத் தொடக்கமும் சேர்கிற மே முதல் மூன்று வாரம்தான் பொதுவாகத் தோது. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை. வெசாக் (புத்த பூர்ணிமா) போயா மே மாதத்தில் விழுந்தால் அடுத்த நாளும் விடுமுறை. மூன்று வாரம் என்றால் 15 பள்ளி நாள் என்று கணக்குப் போட்டுவிட்டு, கையில் 12 நாள் மட்டும் இருப்பதை அங்கே போய்க் கண்டுபிடிக்காதீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் (ஸ்காலர்ஷிப்) தேர்வு நெருங்கும் வாரங்களில் அந்த வகுப்பைக் கேட்கவே கூடாது. பெற்றோருக்கு அந்தத் தேர்வு உயிர்.

இனி மாணவிகளைத் தயார் செய்வது. எட்டு வாரம், வாரம் ஒரு மூன்று மணி நேர அமர்வு போதும், ஆனால் உள்ளடக்கம் கனமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு அமர்வும் வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பிக்கும் 1867-க்குப் பின் தேயிலைக்கும் கங்காணிமார் ஆள் சேர்த்த மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. தூத்துக்குடியில் கப்பலேறியவர்கள் உண்டு. 1948-ல் குடியுரிமைச் சட்டம் அவர்கள் வழிவந்தவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை 2003 சட்டத்தில்தான் வந்தது. தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்த பள்ளிகளை அரசு ஏற்றது 1970-களில். இதெல்லாம் தெரியாமல் போகிற மாணவி, ஒரு பாட்டியிடம் "நீங்க ஏன் ஆச்சி இந்தியாவுக்கே வந்திருக்கக் கூடாது?" என்று கேட்டுவைப்பாள். கேள்வியில் கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் கேட்கக் கூடாத கேள்வி. மலையக மக்கள் இலங்கையர்கள். "நம்ம ஆளுங்க" என்ற உரிமை கொண்டாடலை அவர்கள் எல்லாரும் ரசிப்பதில்லை.

இங்கே ஒரு சின்னப் பயிற்சி கைகொடுக்கும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் லயன் வீடுகளில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு) தலைமுறைகளாக வாழ்ந்து இறங்கிவந்தவர்கள் இன்று நெல்லையைச் சுற்றியே இருக்கிறார்கள். அவர்களில் சம்மதிக்கிற இரண்டு மூன்று பேரைக் கல்லூரிக்கு அழைத்து, தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்குப் போன கதையைச் சொல்லச் சொல்லுங்கள். வந்தவர்களுக்குப் போக்குவரத்தும் மதிப்பூதியமும் கொடுங்கள். மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்குப் போகலாமா என்றும் கேட்பீர்கள். அங்கே வட, கிழக்குப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் உண்டு, மலையக வம்சாவளியினரும் உண்டு, இரண்டும் வெவ்வேறு வரலாறு. அனுமதி வாங்கி, அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டு போவதாக இருந்தால் போகலாம்.

மூன்றாவது அமர்வு முதல் பாடநூல். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்மொழிமூலப் பாடநூல்களும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போகிற வகுப்புக்கான நூலை மாணவி அட்டை முதல் அட்டை வரை படித்தே ஆக வேண்டும். அங்கே அறிவியல் என்பது விஞ்ஞானம், இயற்பியல் பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல். ஆக்சிஜனை ஒட்சிசன் என்றும் கார்பன் டை ஆக்சைடைக் காபனீரொட்சைட்டு என்றும் எழுதுவார்கள். முக்கோணம் முக்கோணி. நம் மாணவி தன் பழக்கத்தில் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்தால் பிள்ளை தேர்வில் அதை எழுதிவைக்கும், திருத்தித் தீர்க்கவேண்டியது அந்த ஆசிரியர். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டில் இரண்டு பத்தி போட்டு, தன் பாடத்துக்கு ஐம்பது சொல்லாவது எழுதி மனப்பாடம் செய்யட்டும். பேச்சிலும் பார்க்கவேண்டியது உண்டு. நெல்லையில் பையனை "ஏலே" என்று கூப்பிடுவது செல்லம். அங்கே அது அப்படிக் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நடத்தை விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தனி அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பிள்ளை முகம் தெரியும் படம் எதுவும் இன்ஸ்டாகிராமிலோ ஸ்டேட்டஸிலோ போகக் கூடாது. அதிபர் சம்மதித்தாலும் கூடாது, ஏனென்றால் பெற்றோர் சம்மதிக்கவில்லை. பிரம்பு கிடையாது, அங்குள்ள ஆசிரியர் வைத்திருந்தாலும் நீங்கள் தொடக்கூடாது. தனிப் பிள்ளைக்குப் பரிசு, காசு கிடையாது. இலங்கை அரசியல், போர் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள். மதப் பிரசுரம் ஒன்றுகூடப் பையில் இருக்கக் கூடாது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பல கிறிஸ்தவப் பெயர் கொண்டவை, சந்தேகத்துக்கு நீங்களே விறகு போடவேண்டாம். கடைசியாக ஒன்று, நம் மாவட்டத்துக்காகவே எழுதவேண்டியிருக்கிறது: கையில் சாதிக் கயிறு இருந்தால் இங்கேயே அவிழ்த்துவிட்டு வர வேண்டும். "நீங்க எந்த ஊரு, யாரு வகை?" என்று சுற்றிவளைத்துச் சாதி கேட்கும் நம் வழக்கமும் அதோடு சேர்த்து.

அந்தக் கேள்விக்கு மறுபக்கமும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வயதானவர்கள் சிலர் தங்கள் தாத்தாவின் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று தேடித் தரச் சொல்வார்கள். ஊர்ப் பெயர் மூன்று தலைமுறை வாய்மாறி வந்திருக்கும். மாணவிகள் உருகிப்போய் "கண்டிப்பாகத் தேடித் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள், அப்புறம் மறந்துபோவார்கள். வாக்குக் கொடுக்க வேண்டாம். அவர் விரும்பினால் விவரத்தை எழுதிக்கொண்டு உடன் வந்த பேராசிரியரிடம் கொடுக்கட்டும். கல்லூரி பொறுப்பெடுத்துத் தேடி, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பதில் எழுத வேண்டும்.

தளத்தில் மூன்று வாரத்தை எப்படிப் போக்குவது? பள்ளி காலை 7.30-க்குத் தொடங்கி 1.30-க்கு முடியும். முதல் மூன்று நாள் பின் வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது மட்டும். எந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறது, எது பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுகிறது, திங்கட்கிழமை எத்தனை பேர் வரவில்லை, ஆசிரியர் ஒரு வகுப்பை விட்டு அடுத்த வகுப்புக்கு எத்தனை முறை ஓடுகிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த இரண்டு நாள் ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட சிறு குழு. இரண்டாம் வாரம் அங்குள்ள ஆசிரியரோடு சேர்ந்து அரை மணி நேரத் துண்டுகள். மூன்றாம் வாரம் ஆசிரியரே அந்த முறையை நடத்துவார், மாணவி உதவிக்கு நிற்பாள். இந்த மூன்றாம் வாரத்தை விட்டுவிட்டால் நீங்கள் செய்த எதுவும் நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் அங்கே இருக்காது.

என்ன வேலை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். பெரும்பாலும் தொடக்க வகுப்பு வாசிப்பு, அல்லது பேச்சு ஆங்கிலம் என்று வரும். வாசிப்பு என்றால் இப்படிச் செய்யலாம். தரம் 3-ல் 36 பிள்ளைகள் என்று வைப்போம். ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம், தனியாக, எழுத்து, சொல், வாக்கியம், சிறு பத்தி என்ற படியில் வாசிக்கச் சொல்லி எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மாணவிகள் ஆளுக்கு 9 பிள்ளைகளைப் பார்த்தால் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். வகுப்பின் பார்வையில் இருக்கும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பிறகு அந்தந்தப் படிக்கான கதைகளைப் பிள்ளைகள் வாயிலிருந்தே வாங்குங்கள்: கொழுந்துப் பை, குளவி கொட்டியது, திருவிழா, மழையில் பள்ளிக்கு வந்தது. பிள்ளை சொன்ன வாக்கியத்தைத் திருத்தாமல் எழுதி, படிக்கு ஏற்பச் சுருக்கினால் போதும். இரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்துப் பின் அடித்தால் 8 பக்கப் புத்தகம். 12 கதை, கதைக்கு 3 பிரதி என்றால் 72 தாள், அவ்வளவுதான் செலவு. அட்டைக்குத் தடித்த தாளும் மேலே பிளாஸ்டிக் உறையும் போடுங்கள். ஸ்கெட்ச் பேனாவை இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மலைக் குளிரின் ஈரத்தில் மை பரவிவிடும்; பால்பாயிண்ட் பேனாவும் கிரேயானும் தாங்கும். சார்ட் ஒட்டினால் சில வாரத்தில் சுருண்டு பூசணம் பிடிக்கும், அதனால் கயிற்றில் தொங்கவிடுங்கள். தெர்மாகோல் மாடல் தூக்கிக்கொண்டு போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கணக்குக்குத் தேயிலைக் கொழுந்தின் எடை நல்ல உதாரணம் என்று எல்லாருக்கும் தோன்றும். தோன்றட்டும், ஆனால் ஆசிரியரைக் கேட்காமல் கையில் எடுக்காதீர்கள். ஈரத்துக்கும் பைக்கும் என்று எடையில் கழிப்பது தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நெடுநாள் மனக்கசப்பு. "அம்மா 18 கிலோ பறித்தார், 2 கிலோ கழித்தார்கள், மீதி எவ்வளவு?" என்ற கணக்கு வகுப்பில் ஒருவேளை வெறும் கழித்தலாகவே போகும். ஒருவேளை வீடு வரை போய், மறுநாள் தோட்ட அலுவலகம் வரை போகும். பேருந்துக் கட்டணம், கோயில் திருவிழாக் கடை என்று வேறு கணக்குகள் நிறைய இருக்கின்றன.

தங்குவது லயன் வீடுகளில் வேண்டாம். அனுபவம் என்று சொல்லிச் சிலர் அதை விரும்புவார்கள். ஒரு குடும்பம் ஓர் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு அடுப்படியில் முடங்கிக்கொள்ளும். கல்வியியற் கல்லூரி விடுதி கிடைத்தால் சிறப்பு, இல்லையென்றால் ஊருக்குள் ஒரு பொது விடுதி. தாமிரபரணிக் கரை உடம்புக்கு ஹட்டனின் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் முதல் வாரம் குளிரைக் காட்டும்; ஒரு ஸ்வெட்டர், நல்ல மழைக்கோட்டு, நழுவாத செருப்பு அவசியம். அட்டைக் கடிக்கு உப்பு போதும், பிடுங்கி இழுக்கக் கூடாது. அரசுப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள் சேலை கட்டுவதே வழக்கம், சுடிதார் ஏற்குமா என்று அதிபரிடம் முன்பே கேளுங்கள். அங்குள்ள பிளக் பாயின்டுகளில் பல பிரிட்டிஷ் சதுரக் கால் வகை, குழுவுக்கு நான்கு அடாப்டர் வாங்குங்கள். 2024 பிப்ரவரி முதல் யு.பி.ஐ. இலங்கையில் செல்லும் என்றாலும் தோட்டத்துப் பெட்டிக்கடையில் ரொக்கம்தான். பயணக் காப்பீட்டில் மருத்துவமனைச் செலவோடு அவசரமாகத் திரும்பிவரும் செலவும் அடங்குகிறதா என்று பாருங்கள். உடன் இரண்டு பேராசிரியர்கள், ஒருவராவது பெண். மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் நேரம் கொஞ்சம்தான். கொழும்பிலிருந்து ஹட்டனுக்குச் சாலையில் நாலைந்து மணி நேரம். இரவில் மலை ஏறவேண்டாம், முதல் இரவு கொழும்பிலோ கண்டியிலோ தங்கிவிடுங்கள்.

தினமும் சாயங்காலம் இருபது நிமிடம் வட்டமாக உட்கார்ந்து மூன்று கேள்வி: இன்று என்ன நடந்தது, அதற்கு என்ன பொருள், நாளைக்கு எதை மாற்றப்போகிறாய்? முதல் கேள்வியில் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், அபிப்பிராயம் கூடாது. "பிள்ளைகள் ரொம்பப் பாசமா இருந்தாங்க, இருக்கிறதை வெச்சு சந்தோஷமா வாழுறாங்க" என்று குறிப்பேட்டில் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது எல்லா ஊருக்கும் எழுதலாம், எங்கும் போகாமலும் எழுதலாம். எந்தப் பிள்ளை, எந்த நேரம், என்ன சொன்னது, நீ என்ன செய்தாய், அது ஏன் எடுபடவில்லை என்று வரவேண்டும். இந்தக் குறிப்பேட்டை நம் வழக்கமான ரெக்கார்டு நோட்டாக ஆக்கிவிடாதீர்கள். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) என்று ஆனதும் கோட்டுக்குள் வண்ணம் தீட்டி, அட்டையில் ரோஜா ஒட்டி, நல்லதை மட்டும் எழுதுவார்கள். மதிப்பெண் தரவேண்டும் என்றால் திரும்பி வந்தபின் எழுதும் ஒரு கட்டுரைக்குத் தாருங்கள். குறிப்பேட்டைப் படியுங்கள், மதிப்பிட வேண்டாம். இந்த யோசிப்பு சரியாக நடக்காவிட்டால் வெளிநாட்டுப் பயணம் மனதைத் திறப்பதற்குப் பதில், போகும்போது இருந்த முன்முடிவையே "நேரில் பார்த்தேன்" என்ற சான்றிதழோடு கெட்டியாக்கிவிடும்.

கடைசி நாள் விடைபெறு விழா வேண்டாம் என்று முன்கூட்டியே அதிபரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் மரியாதைக்காகச் செய்வார்கள். ஒத்திகைக்கு இரண்டு நாள், மாலைக்கும் சாப்பாட்டுக்கும் ஆசிரியர்கள் கைக்காசு. அதற்குப் பதில் ஆசிரியர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளைகளின் வாசிப்பு நிலைப் பட்டியலையும் புத்தகங்களையும் ஒப்படைத்து, எது பயன்பட்டது, எது தொந்தரவாக இருந்தது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு நேரில் பதில் வராது. பேராசிரியர் மாணவிகள் இல்லாமல் தனியாகக் கேட்டால் வரும்.

திரும்பிவந்த பதினைந்து நாளில் அந்தப் பள்ளிகளுக்குத் தமிழில் ஓர் அறிக்கை போகட்டும். கல்லூரி ஆண்டு மலருக்கு எழுதுவது அதற்குப் பிறகு. போய்வந்த மாணவிகளின் 16 வாரப் பயிற்சிக்கு வசதியான நகரப் பள்ளியைக் கொடுக்காமல், காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, பீடிக் கிராமத்து ஈராசிரியர் பள்ளி என்று பார்த்துப் போடுங்கள். அங்கே பழகியது அப்போதுதான் கைக்கு நிற்கும். பட்ஜெட் போடும்போதே இன்னொன்றையும் எழுதிவிடுங்கள்: 12 மாணவிகளுக்குப் பதில் 10 பேரை அழைத்துப் போய், மிச்சமாகும் இரண்டு இடத்தின் பணத்தில் அங்கிருந்து ஆசிரியர் இருவரைப் பாளையங்கோட்டைக்கு ஒரு வாரம் வரவழைக்கலாம். அவர்கள் நம் பள்ளிகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நம் மாணவிகளிடம் நாம் கேட்ட அதே மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அறக்கட்டளைப் பணத்தை வெளியே செலவழிக்கும் வரிச் சிக்கலும் இதில் குறைவு, செலவில் பெரும்பகுதி இங்கேதான்.